‘ட்ரெய்னி’ என்றால் எந்த ட்ரெய்னி? ஐடிஐக்குப் பிறகு வரும் அந்த ஒரு வருடம்

தொழிற்சாலை வேலைக்குப் போக என்ன வழி என்று கேட்டால் நம் ஊரில் எல்லாரும் சொல்வது மூன்றுதான்: ஐடிஐ, பாலிடெக்னிக், பி.இ. மார்க் குறைந்தால் ஐடிஐ, கொஞ்சம் பரவாயில்லை என்றால் டிப்ளமோ, கடன் வாங்கியாவது படிக்க வைத்துவிடலாம் என்றால் பி.இ. என்று ஒரு வரிசை பெரியவர்கள் மனதில் பதிந்து கிடக்கிறது. மே, ஜூன் மாதங்களில் வீடு வீடாக இந்த வரிசைப்படிதான் முடிவு எடுக்கிறார்கள். எனக்கு இதில் பெரிய மனத்தாங்கல் உண்டு. எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள், படிப்பு முடிந்த அடுத்த வருடம் பிள்ளை எங்கே போகிறான், என்ன பெயரில் எடுக்கிறார்கள், எந்த மெஷின் முன்னால் நிறுத்துகிறார்கள் என்பதை ஒரு நாள்கூட உட்கார்ந்து யோசிப்பதில்லை. ஆனால் தொழில்துறையில் ஒருவர் முன்னேறுவதும் தேங்கிப்போவதும் பெரும்பாலும் அந்த ஒரு வருடத்தில்தான் முடிவாகிறது.

தமிழ்நாட்டை வைத்தே பேசுகிறேன். மத்திய அரசு ஆண்டுதோறும் நடத்தும் தொழிற்சாலைகள் கணக்கெடுப்பில் அதிகத் தொழிற்சாலைகள் இருக்கும் மாநிலம் பல வருடங்களாக நாம்தான், அவற்றில் வேலை பார்க்கிற ஆட்களின் எண்ணிக்கையிலும் நாம்தான் முதலிடம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் காரும் செல்போனும், ஓசூரில் பைக், லாரி, இப்போது எலெக்ட்ரானிக்ஸ், கோவையில் பம்ப், மோட்டார், ஃபவுண்டரி, மில் மெஷின், திருச்சி துவாக்குடியில் இரும்பை வெட்டிப் பற்றவைக்கும் ஃபேப்ரிகேஷன், தூத்துக்குடியில் 2025-ல் திறந்த வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை என்று ஊருக்கு ஊர் தொழில் மாறுகிறது. அதனால் எந்த டிரேடு, அதாவது ஐடிஐ தொழிற்பிரிவு, நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமே இல்லை. நல்ல வெல்டருக்குத் திருச்சியில் கிடைக்கும் மதிப்பு வேறு, பாகங்களை உருவாக்கும் கருவியும் அச்சும் செய்யும் டூல் அண்ட் டை தெரிந்தவருக்கு ஓசூரிலும் கோவையிலும் அம்பத்தூரிலும் கிடைக்கும் மதிப்பு வேறு.

முதலில் ஐடிஐ. 1950-ல் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ்தான் நாடு முழுக்க ஐடிஐகள் நடக்கின்றன. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலெக்ட்ரீஷியன், டூல் அண்ட் டை மேக்கர் எல்லாம் இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியனுக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும், வெல்டருக்கு எட்டாவது போதும். அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள், பஸ் பாஸ், சீருடை, ஷூ, சைக்கிள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் தனியாக வரும். கையில் காசு இல்லாத வீட்டுக்கு இதைவிடச் செலவு குறைந்த தொழிற்படிப்பு வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

அங்கே என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? ஃபிட்டரையே எடுத்துக்கொள்ளலாம். முதல் சில மாதம் பையன் கையில் இருப்பது அரம்தான். ஒரு எம்.எஸ். பிளாட் (சாதாரண இரும்புப் பட்டை) துண்டை வைஸில் கவ்வி, அரத்தால் ராவி, மூலைமட்டமான ட்ரை ஸ்கொயரை விளிம்பில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். இரும்புக்கும் ஸ்கொயருக்கும் நடுவே மெல்லிய கோடாக வெளிச்சம் தெரியும், அது மறையும் வரை ராவ வேண்டும். ஒரு மூலையைச் சரி பண்ணப் போனால் அடுத்த மூலை கூடுதலாகக் குறைந்துவிடும், அப்புறம் அதைச் சரி பண்ண வேண்டும், அதற்குள் ஜாப், அதாவது கையில் இருக்கும் அந்தத் துண்டு, அளவுக்குக் கீழே போய்விடும். இப்படி ராவி ராவி, ஒரு துண்டு இன்னொரு துண்டுக்குள் ஆட்டமில்லாமல் போய் உட்காரும்படி, மில்லிமீட்டரில் நூற்றில் நான்கு பங்குக்கு மேல் தவறாமல் செய்யப் பழகுகிறார்கள்.

கணினி ஓட்டும் சிஎன்சி மெஷின் வந்துவிட்ட காலத்தில் அரம் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பம்பையும் மோட்டாரையும் கப்ளிங்கில் சேர்த்து அலைன்மென்ட் பார்க்கிற மெயின்டனன்ஸ் ஃபிட்டரையோ, டையின் இரண்டு பாதியை மேட்சிங் பண்ணுகிற டை ஃபிட்டரையோ அருகில் நின்று பாருங்கள். எங்கே இடிக்கிறது, எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அவர் கைக்குத் தெரிகிறது. அது அந்த அரம் பிடித்த மாதங்களில் வந்தது. அந்தப் பயிற்சியைச் சரியாகக் கொடுக்காத ஐடிஐகளும் இருக்கத்தான் செய்கின்றன, குறிப்பாகக் கட்டணம் வாங்கும் சில தனியார் நிலையங்களில் ஒரு வைஸுக்கு நான்கு பேர் நிற்பார்கள். சேர்க்கும் முன் ஒர்க்‌ஷாப்பைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

தமிழ்நாட்டில் சமீபத்தில் நடந்த நல்ல காரியம் ஒன்று. 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, சுமார் 2,877 கோடி ரூபாய் மதிப்பில், கணினியும் தானியங்கியும் கலந்த புது உற்பத்தி முறையைச் சொல்லிக்கொடுக்கும் தொழில் 4.0 மையங்களாக மாற்றினார்கள். சிஎன்சி, தொழிற்சாலை ரோபோ, மின்சார வாகனப் பிரிவு எல்லாம் வந்திருக்கின்றன. பழைய லேத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கம்பெனிக்குப் போய் முழித்த தலைமுறைக்கு இதன் அருமை புரியும். பக்கத்தில் இருக்கும் அரசு ஐடிஐயில் இந்த மையம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுச் சேர்வது நல்லது.

சரி, படித்து முடித்துத் தேறியதும் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கிறது, என்டிசி என்பார்கள். பெரும்பாலான வீடுகளில் இதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கேம்பஸ் இன்டர்வியூ வந்தது, ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது, ‘ட்ரெய்னி’ என்று கடிதம் கொடுத்தார்கள், பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்தக் கடிதத்தில் ட்ரெய்னி என்று போட்டிருப்பது எந்த வகை என்று யாரும் கேட்பதில்லை. மூன்று வகை இருக்கிறது, மூன்றுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

முதல் வகை, 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் எடுக்கப்படும் தொழிற்பழகுநர். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்த மொத்த ஆட்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். ஐடிஐ முடித்தவர்களுக்கு வழக்கமாக ஒரு வருடம். பையனுக்கும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் போட்டு அதை அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதித் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ், அதாவது என்ஏசி கிடைக்கும். 2019-ல் திருத்திய விதிப்படி ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இதை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் 2025-ல் பரிந்துரைத்தது, ஆகவே சேரும்போது நடப்பில் உள்ள தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு அப்ரண்டிஸின் வங்கிக் கணக்குக்கே அனுப்புகிறது.

சட்டத்தின் கண்ணில் அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்ல. அதனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது, பயிற்சி முடிந்ததும் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. இது தெரியாமல் ஒரு வருடம் முடிந்ததும் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று நம்பிப் போய் ஏமாறுகிறவர்கள் நிறைய. அதே சமயம், அப்ரண்டிஸ் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது, வேலையிடத்தில் காயம்பட்டால் தொழிலாளருக்குரிய இழப்பீடு உண்டு, தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகள் இவருக்கும் பொருந்தும். இதையும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இரண்டாவது வகை, கம்பெனி தன் சொந்தப் பெயரில் எடுக்கும் ட்ரெய்னி. இரண்டு வருடம், மூன்று வருடம் என்று கடிதம் கொடுப்பார்கள். நல்ல நிறுவனங்களில் இது உண்மையான பயிற்சியாக இருக்கும், பி.எஃப். பிடிப்பார்கள், முடிந்ததும் ஒரு பகுதியினரை நிரந்தரம் ஆக்குவார்கள். சரியில்லாத இடங்களில் முதல் வாரத்திலேயே லைனில் நிறுத்திவிட்டு இரண்டு வருடம் கழித்து அடுத்த செட்டைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ 2013-ல் கொண்டுவந்த நீம் என்ற திட்டத்தில் இதுதான் பெரிய அளவில் நடந்தது: படிப்பைப் பாதியில் விட்டவர்கள் போன்றோருக்குப் பயிற்சி என்று சொல்லி, முகவர்கள் வழியாக உற்பத்தி வேலைக்கு ஆள் அனுப்பினார்கள், தொழிற்சங்கங்கள் தொடர்ந்து எதிர்த்தன, கடைசியில் அந்தத் திட்டமே நிறுத்தப்பட்டது.

மூன்றாவது வகை, கான்ட்ராக்டர் வழியாகப் போவது. அங்கேயும் அடையாள அட்டையில் ட்ரெய்னி என்று போட்டிருப்பார்கள், ஆனால் சம்பளம் போடுகிறவர் கேட்டுக்கு வெளியே இருக்கும் ஒப்பந்ததாரர். பி.எஃப்., இ.எஸ்.ஐ. சட்டப்படி உண்டு, கையில் வரும் தொகை அப்ரண்டிஸ் உதவித்தொகையைவிடக் கூடுதலாகவும் இருக்கும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் இதுதான் ஈர்க்கும், வீட்டுக்குப் பணம் வேண்டும் என்றால் இதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருடம் கழித்து அந்தப் பையனிடம் என்ன தொழில் தெரியும் என்று கேட்டால், ஒரு பாகத்தை எடுத்து ஃபிக்ஸ்சரில் வைத்துப் பட்டனை அமுக்கத் தெரியும். அப்ரண்டிஸாகப் போன அவன் செட்டுப் பையனிடம் ஒரு வருடம் குறைந்த காசுதான் இருந்திருக்கும், ஆனால் என்ஏசி இருக்கிறது. ரயில்வே அதைப் பார்க்கிறது, பொதுத்துறை பார்க்கிறது, விவரம் தெரிந்த தனியார் கம்பெனியும் பார்க்கிறது. ரயில்வேயின் தொடக்க நிலையான லெவல்-1 வேலைகளில் 20 சதவீதம், ரயில்வே நிறுவனங்களிலேயே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கீடு. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை, பொன்மலை ஒர்க்‌ஷாப் அறிவிப்புகளுக்கு அவ்வளவு போட்டி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே அப்ரண்டிஸாகச் சேரத் தேர்வு எல்லாம் கிடையாது, பத்தாவது மார்க்கையும் ஐடிஐ மார்க்கையும் வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். ஆகவே ஐடிஐயில் பாஸானால் போதும் என்று இருக்காமல் மார்க் எடுத்து வைப்பது நல்லது.

அடுத்தது மெஷின் விஷயம். எனக்கு இதுதான் முக்கியம் என்று படுகிறது.

சிஎன்சி பிரிவில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் மெஷினை ஓட்டும் ஆபரேட்டர், ஒருவர் அதை அளவுக்குச் சரிசெய்து வைக்கும் செட்டர். ஆபரேட்டர் ஜாப்பை மெஷினின் பிடியான சக்கில் மாட்டுவார், கதவை மூடுவார், ஒரு ஜாப்புக்கான ஓட்டத்தைத் தொடங்கும் சைக்கிள் ஸ்டார்ட் பட்டனைக் கொடுப்பார், முடிந்ததும் எடுத்து கேஜில் பார்ப்பார், அளவு சரியாக இருந்தால் ஓகே, இல்லாவிட்டால் செட்டரைக் கூப்பிடுவார். செட்டர் வந்து மைக்ரோமீட்டரை வைக்கிறார். 25 மில்லிமீட்டர் விட்டம் வர வேண்டும், மேலே துளியும் போகக் கூடாது, கீழே 0.02 வரை போகலாம் என்பது டிராயிங். அளவு 25.03 என்று காட்டுகிறது. அப்படியென்றால் கட்டரின் முனை தேய்ந்திருக்கிறது. டாலரன்ஸின், அதாவது டிராயிங் அனுமதிக்கும் வித்தியாசத்தின், நடுவான 24.99-க்குக் கொண்டுவர, தேய்மானத்தை ஈடுகட்டும் எண்ணைப் போடும் வியர் ஆப்செட் பக்கத்தில் அந்த டூல் எண்ணுக்கு நேரே எக்ஸ் அச்சில் மைனஸ் 0.04 என்று போடுகிறார். அடுத்த ஜாப் அளவுக்குள் வந்துவிடுகிறது. மைனஸுக்குப் பதில் பிளஸ் போட்டாலோ, ஒரு பூஜ்யத்தை விட்டு 0.4 என்று போட்டாலோ ஜாப் போச்சு, சில சமயம் டூலும் போய்விடும். அந்த நாலு தட்டலுக்குப் பின்னால் டிராயிங் படிக்கத் தெரிவது, அளவெடுக்கத் தெரிவது, எந்த முனை எவ்வளவு நேரத்தில் தேயும் என்று தெரிவது எல்லாம் இருக்கின்றன.

ஆபரேட்டர் எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்தாலும் அவருடைய சம்பளம் ஓரளவுக்கு மேல் நகராது. காரணம் எளிது, அவர் இடத்துக்கு ஒரு வாரத்தில் வேறு ஆளைப் பழக்கிவிடலாம், இப்போது பாகத்தை மாட்டி எடுக்க ரோபோ கையும் வந்துவிட்டது. செட்டர் இடத்துக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். செட்டரிலிருந்து புரோகிராமர், அங்கிருந்து வேலை முறையைத் திட்டமிடும் மெத்தட்ஸ், கருவிகளைத் தயார் செய்யும் டூலிங், அல்லது சொந்தமாக ஒரு மெஷின் போட்டு மற்றவர்களுக்குக் கூலிக்குச் செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க் எடுப்பது என்று பாதை போகிறது. அம்பத்தூரிலும் கோவை கணபதி, பீளமேடு பக்கத்திலும் சின்ன யூனிட் வைத்திருக்கும் பலர் இந்த வழியாக வந்தவர்கள்தான். ஆபரேட்டருக்கும் செட்டருக்கும் சான்றிதழில் வித்தியாசம் இல்லாமல்கூட இருக்கலாம். ஒருவர், மெஷின் ஒரு சைக்கிள் ஓடுகிற நாலு நிமிடத்தில், செட்டர் வேலை செய்யும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், இன்னொருவருக்கு அந்த வாய்ப்பே இல்லாதபடி மூன்று மெஷினை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். இன்டர்வியூவில் சம்பளம் கேட்பதோடு, ஒரு ஆளுக்கு எத்தனை மெஷின், செட்டிங் யார் செய்கிறார்கள், டிபார்ட்மென்ட் மாற்றிப் போடுவீர்களா என்று கேட்டுவிட்டு வாருங்கள். இப்படிக் கேட்பதால் வேலை போகாது.

பெரிய அசெம்பிளி ஆலையில் சேர்ந்தால்தான் பெருமை என்ற எண்ணமும் இங்கே கெடுக்கிறது. கார் லைனில் டார்க் ரெஞ்சால் ஒரே போல்ட்டைத் திருகுகிற வேலையைவிட, பத்துப் பேர் இருக்கும் டூல் ரூமில் வயர் கட்டிங், மின்பொறியால் இரும்பை அரிக்கும் இடிஎம், சர்ஃபேஸ் கிரைண்டர் என்று மாறி மாறி நிற்பது தொழிலுக்கு நல்லது. ஏசி இருக்காது, கேன்டீன் சுமாராக இருக்கும், கையெல்லாம் கரி. மூன்று வருடம் தாக்குப்பிடித்தால் அந்தக் கைக்கு எங்கும் மதிப்பு. டூல் அண்ட் டையை முறையாகவே படிக்க வேண்டும் என்றால் திண்டுக்கல்லில் மாநில அரசின் டூல் இன்ஜினியரிங் நிலையம் இருக்கிறது. சுவிஸ் உதவியோடு 1959-ல் தலசேரி பக்கம் நெட்டூரில் தொடங்கிய என்டிடிஎஃப் என்ற பயிற்சி நிறுவனம் இருக்கிறது, பெங்களூரில் டேனிஷ் உதவியோடு வந்த அரசு டூல் ரூம் பயிற்சி மையமான ஜிடிடிசி இருக்கிறது, பிளாஸ்டிக் மோல்டு என்றால் கிண்டியில் 1968-லிருந்து மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிலையமான சிப்பெட் இருக்கிறது. சாதாரண டிப்ளமோவைவிட இவற்றில் மெஷின் முன்னால் நிற்கும் நேரம் அதிகம். என்டிடிஎஃப், சிப்பெட் பற்றிப் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்ல வேண்டும், பல பள்ளிகளில் சொல்வதில்லை.

திருச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு 1965-ல் அங்கே பொதுத்துறை நிறுவனமான பெல்லின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை வந்தது, 1975-ல் அதே வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வந்தது. கொதிகலன் என்றால் உள்ளே நீராவி பெரும் அழுத்தத்தில் ஓடுகிற குழாய், ஒரு பற்றில், அதாவது பற்றவைத்த இணைப்பில், ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஆபத்து. அதனால் அங்கே யார் வேண்டுமானாலும் பற்றவைத்துவிட முடியாது, 1950-ல் வந்த இந்தியக் கொதிகலன் விதிமுறைகளின்படி பரீட்சை வைத்துத் தேறிய வெல்டர்தான் தொடலாம். ஐபிஆர் வெல்டர் என்று அந்தப் பக்கம் சொன்னால் கல்யாணச் சந்தையில்கூட அர்த்தம் புரியும்.

வெல்டர்கள் பேசும்போது 3ஜி, 6ஜி என்பது போன் சிக்னல் கணக்கு அல்ல, பற்றவைக்கும் நிலை. 6ஜி பரீட்சையில் குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் மாட்டிவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் சுற்றி வர வேண்டும். கீழ்ப்பக்கம் பற்றவைக்கும்போது உருகிய இரும்பு தலைக்கு மேலே, பக்கவாட்டில் அது வழியப் பார்க்கும், மேலே வந்ததும் வேகம் மாற வேண்டும், இவை எல்லாம் ஒரே சாய்வில். முதல் ஓட்டமான ரூட்டை டிக் என்ற வாயு வெல்டிங் முறையில் போடுவார்கள், குழாயின் உள்பக்கம் சீராக உருகி ஒட்டியிருக்கிறதா என்பது அந்த ரூட்டில் இருக்கிறது. அதன் மேல் 7018 என்ற வெல்டிங் ராடில் இடைவெளியை நிரப்பும் ஃபில்லிங், கடைசியில் மேலே மூடும் கேப்பிங். முடிந்ததும் எக்ஸ்ரே. வெளியே பார்க்க மீன் செதில் மாதிரி அழகாக இருக்கும் பற்று, ஃபிலிமில் உள்ளே காற்றுக் குமிழோடு வந்து ஃபெயிலாகும். எட்டாவது படித்துவிட்டு ஒரு வருட வெல்டர் டிரேடு முடித்த ஒரு பையன் ஒழுங்காகப் பழகினால் தொடக்கூடிய உயரம் இது. துவாக்குடி ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளில் சில வருடம், அப்புறம் மின்நிலைய ஷட்டவுன் வேலைகள், அப்புறம் வளைகுடா என்று போன ஆட்கள் திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை வட்டாரத்தில் ஊருக்கு ஊர் உண்டு.

வெளிநாடு என்றதும் ஒரு எச்சரிக்கை. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அது சட்டவிரோதம். டூரிஸ்ட் விசாவில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிற ஆளிடமிருந்து பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். வெல்டர்கள் கண்ணையும் நுரையீரலையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், புகை போக வழியில்லாத டேங்குக்குள் இறக்கிவிடுகிற சூப்பர்வைசரிடம் முடியாது என்று சொல்ல ஒருவனுக்கு உரிமை உண்டு, அதற்குத் தைரியம் வருவது கையில் தொழிலும் பரீட்சைக் காகிதமும் இருக்கும்போதுதான்.

எலெக்ட்ரீஷியனுக்கும் இதே மாதிரி காகிதப் படிகள் உண்டு. ஐடிஐ சான்றிதழோடு நின்றுவிடாமல், மாநில மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கம்பியாளர் உரிமம், பிறகு மேற்பார்வையாளர் உரிமம் என்று வாங்கிக்கொண்டே போனால் கம்பெனிக்குள்ளும் வெளியேயும் மதிப்பு தனி. மின்வாரியக் கள உதவியாளர் வேலைக்கு ஐடிஐதான் தகுதி. பாய்லர் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு அட்டென்டென்ட் சான்றிதழ்கள் இருக்கின்றன, திருப்பூர், ஈரோடு சாயப்பட்டறைகள் முதல் அரிசி ஆலை வரை பாய்லர் இருக்கும் இடமெல்லாம் இவர்கள் தேவை. வாத்தியார் ஆக ஆசை இருந்தால் கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிலையத்தில் ஒரு வருட பயிற்றுநர் பயிற்சி முடித்து ஐடிஐக்கே இளநிலைப் பயிற்சி அலுவலராகப் போகலாம். கல்பாக்கத்திலும் ஐடிஐ முடித்தவர்களை உதவித்தொகையோடு இரண்டு வருடம் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் வழி உண்டு.

படிப்பில் மேலே ஏற முடியாது என்பதும் பழைய பயம். பத்தாவது முடித்து இரண்டு வருட ஐடிஐ தேறியவர்கள், தமிழ், ஆங்கிலம் இரண்டையும் மேல்நிலை அளவில் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்குச் சமம் என்று மாநில அரசு ஏற்கிறது. இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம், அதற்குத் தனிக் கலந்தாய்வு நடக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்கும் பகுதிநேர பி.இ.யும் இருக்கிறது. ஐடிஐ, டிப்ளமோ, பி.இ. என்று ஏறி வந்த இன்ஜினியர் ஒருவரைக் கம்பெனியில் பார்த்தால் தெரியும், மெஷின் நின்றால் அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். நேராக பி.இ. படித்துவிட்டு ஆபரேட்டர் வேலைக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, இந்த வழியை யாராவது இவர்களுக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று வயிறு எரிகிறது.

கடைசியாகப் பெண்கள். ஸ்ரீபெரும்புதூர் எலெக்ட்ரானிக்ஸ் லைன்களில் நிற்பது பெரும்பாலும் இளம்பெண்கள். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும்படி சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டதே, எத்தனை பேர் வருகிறார்கள் என்பதற்கு அதுவே கணக்கு. பிளஸ் டூ முடித்து வருகிறார்கள், சில வருடம் லைனில் உழைத்து வீட்டுக்கடனை அடைக்கிறார்கள், கல்யாணத்தோடு வேலையை விடுகிறார்கள், கையில் தொழில் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. அவர்கள் வேலைசெய்த அதே லைனில் மெஷினைச் செட் பண்ணுகிற, பழுது பார்க்கிற டெக்னீஷியன் இடங்களில் பெரும்பாலும் ஆண்களே இருக்கிறார்கள். இதற்குத் திறமை காரணம் இல்லை. ஃபிட்டர், எலெக்ட்ரானிக் மெக்கானிக், மெக்கட்ரானிக்ஸ் டிரேடுகளில் பெண் பிள்ளைகளைச் சேர்க்க வீடுகள் யோசிக்கின்றன, லைனில் இருக்கும் பெண்ணை மெயின்டனன்ஸுக்கு மாற்றிப் பழக்கக் கம்பெனிகளும் யோசிக்கின்றன.

அரசு ஐடிஐயில் ஆண்களுக்கு வயது வரம்பு 40, பெண்களுக்கு வயது வரம்பே கிடையாது. லைன் வேலையை விட்டு ஊருக்கு வந்த பெண் இருபத்தைந்து வயதிலும் சேரலாம், குழந்தை பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகும் சேரலாம், கட்டணம் இல்லை, லைனில் நின்ற அனுபவம் அப்படியே உதவும். முடித்ததும் அதே தொழிற்பேட்டைக்கு டெக்னீஷியன் அப்ரண்டிஸாகத் திரும்பிப் போகலாம். கலந்தாய்வு முடிந்த பிறகும் காலி இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும், அந்த அறிவிப்பு மாவட்டச் செய்திகளில் வரும், பக்கத்து அரசு ஐடிஐயில் நேரே போய்க் கேட்டாலும் சொல்வார்கள்.